ஓட்டுநர் உட்கார்ந்த இடம்

(பாகான் டாலாமில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய காடி ஒன்றைப் புதுப்பிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், எஞ்சின் எப்படி இருக்கிறது, என்ன நிறம் அடிக்கப் போகிறீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். உள்ளே என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பவர் அரிது. சொகுசுக் காராக இருந்தாலாவது தோல் இருக்கை, பளபளக்கும் மரப்பலகை என்று பேச ஏதாவது இருக்கும். பிக்கப் என்றால் அந்தப் பேச்சுக்கும் இடமில்லை. மூட்டை ஏற்றும் வண்டிதானே, உட்கார ஒரு பலகை இருந்தால் போதாதா என்பார்கள்.

நான் இன்று பேச வந்தது அந்த உட்புறத்தைப் பற்றி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பிக்கப்பின் எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். வெல்டிங்கையும் பெயிண்டையும் கைதேர்ந்தவர்களிடம் கொடுங்கள். உட்புறத்தை மட்டும் நீங்களே செய்யுங்கள். அது ஓர் ஆளின் முதுகுக்கும் தொடைக்கும் முழங்கைக்கும் அளவெடுத்த இடம். நாளை அதில் உட்காரப் போகிறவர் யாரோ அவர்தான் அதைச் சரியாகச் செய்ய முடியும். அதோடு, அந்த வேலைக்கு வேண்டிய கைப்பழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. தையல் தெரிந்தவர் இருக்கிறார், பலகை அறுக்கத் தெரிந்தவர் இருக்கிறார், கம்பி இணைக்கத் தெரிந்தவர் இருக்கிறார்.

இதை வேறு ஊரில் பேசுவதைவிட இங்கே பேசுவது பொருத்தம். பாகான் டாலாம், பினாங்கின் பெருநிலப் பக்கத்தில், சரக்கு வந்துபோகும் வழியில் வளர்ந்த ஊர். ரயில், துறைமுகம், பெரித்துறை மூன்றும் பக்கத்திலேயே. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலரின் வீட்டு அடுப்பு இந்த மூன்றில் ஒன்றை நம்பித்தான் எரிந்தது. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும் வரை, பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போக வேண்டிய லோரியும் பிக்கப்பும் பெரிக்காக வரிசையில் நின்றாக வேண்டியிருந்தது. நிற்கும் நேரமெல்லாம் ஓட்டுநருக்கு வீடு அந்த இருக்கைதான். சாப்பாட்டுப் பொட்டலத்தை அங்கேயே பிரித்தார். கணக்கை அங்கேயே எழுதினார். கதவில் தலையைச் சாய்த்து அங்கேயே கண்ணயர்ந்தார். 2021-இன் தொடக்கத்திலிருந்து பெரி நான்கு சக்கர வண்டிகளை ஏற்றுவதில்லை. அந்த வரிசையே இப்போது இல்லை. அந்த வாழ்க்கையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால், மிஞ்சியிருக்கும் சில பழைய வண்டிகளின் கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு மோரிஸ் மைனர் பிக்கப்பை எடுத்துக்கொள்கிறேன். நானும் நண்பர்களும் வீட்டு முன்தாழ்வாரத்தில் வைத்து வேலை பார்த்தது அதில்தான். மோரிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948-இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு 1959-இல் வந்த மினியும் அவர் கைவண்ணம்தான். மைனரின் வேனும் பிக்கப்பும் 1953-இல் வந்தன, 1971 வரை உற்பத்தியில் இருந்தன. எல்லா வகையும் சேர்த்து 16 லட்சம் வண்டிகள். மலாயாவில் அந்தக் காலத்துத் தோட்டத்துக் கிராணியிடம், தோட்ட ஆஸ்பத்திரி டிரெசரிடம், பள்ளித் தலைமையாசிரியரிடம் இந்தக் காரைப் பார்க்கலாம். பிக்கப் அவ்வளவு கண்ணில் படாது. அது கடைக்காரர்களின் வண்டி. உழைத்து உழைத்தே தேய்ந்து இரும்புக் கடைக்குப் போய்விட்டது. உங்களிடம் இருப்பது டட்சனாகவோ ஹைலக்ஸாகவோ இருக்கலாம். நான் சொல்லும் முறை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மைனர் பிக்கப்பின் கதவைத் திறந்தால் உள்ளே அதிகம் ஒன்றும் இருக்காது. இரண்டு இருக்கை, தரையில் ரப்பர் விரிப்பு, கதவுகளில் வினில் ஒட்டிய அட்டை, டேஷ்போர்டின் நடுவில் பெரிய வட்டமாக ஒரு வேகமானி. டேஷ்போர்டே தகரம்தான், வண்டியின் நிறமே அதற்கும். இவ்வளவு குறைவாக இருப்பதுதான் வீட்டிலேயே செய்ய நமக்குத் துணிவு தருகிறது.

அந்தக் குறைந்த பொருள்களில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பாருங்கள். இருக்கையின் வினிலை உரித்தால் உள்ளே பஞ்சுபோன்ற ரப்பர் மெத்தை. அதற்கும் கீழே, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கொக்கிகளால் இழுத்து மாட்டிய தடித்த ரப்பர் விரிப்பு. ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையை அதுதான் செய்கிறது. தரை விரிப்பு ரப்பர். கதவு ஓரத்துப் பட்டை, கண்ணாடியைப் பிடிக்கும் பட்டை, பிரேக் மிதியின் உறை எல்லாம் ரப்பர். ரப்பர் பாலை நுரைக்க அடித்து மெத்தையாக வார்க்கும் முறையை டன்லப் நிறுவனம் 1929-இல் கண்டுபிடித்தது. அந்நிறுவனத்துக்கு மலாயாவில் பெரிய தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தின் அஞ்சல் துறை வாங்கிய தொடக்ககால மைனர் வேன்களுக்கு முன்சக்கர மட்கார்டையே ரப்பரில் செய்து மாட்டினார்கள், இடித்தாலும் நசுங்கக் கூடாது என்று.

1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகளிலிருந்து தொடங்கிய கதை இது. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்கள் வடித்த பால் கப்பலேறிப் போய், எங்கோ ஒரு தொழிற்சாலையில் மெத்தையாகவும் பட்டையாகவும் மாறி, மோரிஸ் மைனருக்குள் உட்கார்ந்து இதே துறைமுகத்துக்குத் திரும்பி வந்திருக்கக் கூடும். அந்த மெத்தை இன்று விரல் பட்டால் பழுப்புத் தூளாக உதிர்கிறது. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் ரப்பரை மெல்ல மெல்லத் தின்றுவிடும்; முதலில் பிசுபிசுக்கும், பிறகு இறுகும், கடைசியில் உதிரும். அந்தத் தூளைக் கூட்டி அள்ளும்போது, அது குப்பை என்று என் மனம் ஒப்பவில்லை. அதை இங்கே சொல்லாமல் போனால் இந்தப் பேச்சுக்கே பொருளிருக்காது.

சரி, வேலைக்கு வருவோம்.

இருக்கைத் துணி வாங்க ஓடாதீர்கள். முதலில் தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழை இல்லாத நாளிலும் கடற்காற்றில் ஈரமும் உப்பும் இருக்கும். நம் பக்கத்து வண்டிகளின் தரை, மேலிருந்து வந்த தண்ணீர் விரிப்புக்கு அடியில் தங்குவதால்தான் துருப்பிடிக்கிறது. விரிப்பு மேலே காய்ந்திருக்கும், அடியில் ஆண்டுக்கணக்கில் நனைந்திருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. விரிப்பையும் இருக்கையையும் கழற்றி, தரையைத் துடைத்துக் காயவிட்டு, மெல்லியதாக டால்கம் பவுடர் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் வெளியிலிருந்து ரப்பர் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடட்டும், பீய்ச்சி அடிக்கக் கூடாது. கதவின் அடிப்பாகத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வழியும், எது ஓட்டை என்று தெரியாது. கீழிருந்து மேலே போனால் எந்த உயரத்தில் முதல் கோடு விழுகிறதோ அதுதான் வழி. பவுடரில் தண்ணீர் ஓடிய தடம் தெளிவாகத் தெரியும். முன்கண்ணாடியின் ரப்பர்ப் பட்டை, வைப்பர் தண்டு வெளியே வரும் துளை, தரையில் இருக்கும் ரப்பர் அடைப்பான்கள், கதவின் அடி என்று பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். கண்ணாடிப் பட்டை காய்ந்து வெடித்திருந்தால் சிலிகானைப் பிதுக்கி அடைப்பது வேண்டாம். பட்டையையே மாற்றுங்கள். சிலிகான் அடைத்த இடத்துக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும், அடுத்து பெயிண்ட் அடிக்கிறவருக்கும் பெருந்தொல்லை.

அடுத்தது தரை. தார் பூசிய பழைய அட்டைகள் ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம், பழைய பூச்சுகளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிறகு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் அந்த இடம் போயிற்று என்று பொருள்.

மேற்பரப்புத் துருவுக்குக் கம்பித் தூரிகையும், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியும், அதன்மேல் துத்தநாகப் பிரைமரும் போதும். ஓட்டை விழுந்த இடத்துக்கு வெல்டர் வேண்டும். தகரத் துண்டை ரிவெட் அடித்து மேலே கம் தடவி மூடும் பழக்கம் நம்மூரில் உண்டு. இருக்கை பொருந்தும் இடத்திலும் பாதுகாப்பு வார் மாட்டும் இடத்திலும் அதை ஒருக்காலும் செய்யாதீர்கள். விபத்தில் அந்த ரிவெட் ஓர் ஆளின் எடையைத் தாங்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் 'நீங்களே செய்யுங்கள்' என்ற என் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வெல்டிங் தொடங்குமுன் பாட்டரியைக் கழற்றிவிடுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தரை சரியானதும் சத்தம் குறைக்க விரிப்புக்கு அடியில் ஏதாவது போடத் தோன்றும். குஷன் கடைகளில் தடித்த கம்பளி போன்ற ஃபெல்ட் கிடைக்கும். குளிர் நாட்டுக்கு அது நல்லது. நம் ஊருக்கு ஆகாது. ஒருமுறை ஈரம் குடித்தால் விடாது. தண்ணீர் உறிஞ்சாத மூடிய துளை நுரை அட்டைகள் கிடைக்கின்றன. அதையும் தரையோடு ஒட்டிவிடாமல் வெட்டிப் பரப்புங்கள். மாதம் ஒருமுறை தூக்கிப் பார்க்க முடிய வேண்டும்.

இனி இருக்கை. இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

இரண்டு இருக்கையையும் ஒரே நாளில் பிரித்துவிடாதீர்கள். ஒன்றை முடிக்கும்வரை மற்றொன்று அப்படியே இருக்கட்டும். எந்த மடிப்பு எந்தப் பக்கம் போகிறது, எந்தக் கொக்கி எந்தத் துளையில் என்று சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள அதுவே பாடப்புத்தகம். உறையைப் பிரிக்கும்போது தையலை மட்டும் அறுக்க வேண்டும். துணி கிழியக் கூடாது. பிரித்த ஒவ்வொரு துண்டின் பின்புறமும் எண் போட்டு, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி இடுங்கள். பிறகு அந்தத் துண்டுகளைப் பழுப்புத் தாளில் வைத்து வரைந்து வெட்டுங்கள். வினில் இத்தனை ஆண்டு வெயிலில் சுருங்கியிருக்கும். அதை வளையும் தன்மையோடு வைத்திருந்த பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பொருள் வெப்பத்தில் ஆவியாகிப் போய்விடும்; பழைய கார்களின் முன்கண்ணாடி உட்புறத்தில் படியும் வழுவழுப்பான மங்கல் படலம் அதுதான். ஆகவே பழைய துண்டின் அளவை அப்படியே நம்பாமல், சட்டத்தின்மேல் தாளை வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்த பிறகு ரப்பர் விரிப்பு. அச்சாக அதே வடிவில் புதியது இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் சோபாவுக்கு அடியில் போடும் ரப்பர்ப் பட்டைகளை வாங்கி, குறுக்கும் நெடுக்குமாகப் பாய் முடைவதுபோல் கோத்து இழுத்துக் கட்டலாம். எல்லாப் பட்டையும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் இரண்டு மாதத்தில் அந்தப் பக்கம் இடுப்பு வலிக்கும்.

அதன்மேல் மெத்தை. கடைகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் இலேசான பஞ்சு நுரை படுக்கைத் தலையணைக்குச் சரி, ஓட்டுநருக்குச் சரிப்படாது. கனமீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி கேளுங்கள். கீழே கெட்டியானது, மேலே இரண்டு விரல் தடிமனுக்கு மென்மையானது என்று இரண்டு அடுக்காக வைத்தால் நல்லது. வடிவத்தைவிடச் சுற்றிலும் அரை அங்குலம் பெரியதாக வெட்டினால்தான் உறை சுருக்கமில்லாமல் நிற்கும். ரொட்டி வெட்டும் நீளமான பல் கத்தி இதற்கு மிகவும் ஏற்றது. இயற்கை ரப்பர் பால் மெத்தை இன்றும் நம் நாட்டில் கிடைக்கிறது. விலை கூடுதல். ஆனால் என்னைக் கேட்டால், இந்த வண்டிக்கு அதுதான் முறை. வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

பசை தடவுமுன் மெத்தையைச் சட்டத்தில் வைத்து, சட்டத்தை வண்டிக்குள் வைத்து, உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நிமிடம் பத்தாது. ஸ்டியரிங்கைப் பிடித்து, கிளட்ச்சை முழுக்க மிதித்து, வேகமானியைப் பார்த்து, கதவுக் கண்ணாடி வழியே பின்னால் எட்டிப் பார்த்து, அரைமணி நேரமாவது உட்கார வேண்டும். தொடையின் கீழ் முன்விளிம்பு அழுத்துகிறதா? தலை கூரையில் இடிக்கிறதா? மைனரின் இருக்கை தாழ்வானது. அந்தக் காலத்து ரப்பர் அமுங்கிக் கொடுத்த அளவுக்குப் புதிய நுரை அமுங்காது. என் நண்பர் உயரமானவர். அவருக்காக இருக்கையின் பின்பகுதியில் ஒரு விரல் அளவு சீவினோம், பிறகு முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கவில்லை. எந்தக் குஷன் கடைக்காரரும் உங்களை அரைமணி நேரம் உட்கார வைத்துச் சீவித் தரமாட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு வரிசையில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். நீங்களே செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தையலுக்கு வருகிறேன். தாய்மார்களே, இதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இந்த வேலையின் பாதி உங்கள் கையில் இருக்கிறது. நம் வீடுகளில் கறுப்பு நிறத்தில், தங்க எழுத்தோடு, காலால் மிதிக்கும் சிங்கர் மிஷின் ஒன்று மூலையில் இருக்கும். இரண்டு மடிப்பு வினிலை அது தாராளமாகத் தைக்கும். ஊசி 18-ஆம் எண். நூல் பாலியெஸ்டர்; நைலான் வெயிலில் சீக்கிரம் இற்றுவிடும், பருத்தி நம் ஈரத்தில் நிற்காது. தையல் நீளம் 4 மில்லிமீட்டர் வரை வையுங்கள். ரவிக்கை தைக்கும் நெருக்கத்தில் வினிலைத் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி துளை வரிசை விழுந்து, இழுக்கும்போது அந்தக் கோட்டிலேயே கிழியும். துணியில் தையல் தவறினால் பிரித்துத் தைக்கலாம். வினிலில் ஊசி போட்ட துளை மூடாது. அதனால் குண்டூசி குத்திப் பிடிப்பதும் கூடாது. கிளிப் போட்டுப் பிடியுங்கள்.

வினில் மிஷின் காலில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். மேலே மெல்லிய டிஷ்யூ தாளை வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்தெறிந்தால் வழுக்கிக்கொண்டு போகும். விளிம்பில் பைப்பிங் வைக்கும் இடத்தில் நான்கு மடிப்பு சேரும். அங்கே மிதிக்கக் கூடாது. சக்கரத்தைக் கையால் உருட்டி, ஒவ்வொரு தையலாகக் கடக்க வேண்டும். எங்கள் வண்டியில் அந்த மூலைகளையெல்லாம் தைத்தது என் மனைவி. நான் தாளில் வரைந்த வளைவைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இந்த இடத்துல சின்னச் சின்னதா வெட்டு விடணும், இல்லாட்டி திரும்பாது" என்றார். சட்டைக் கழுத்து திருப்புகிறவருக்குத் தெரிந்த அந்த வித்தைதான் இருக்கையின் மூலையையும் திருப்பியது. வாகன வேலை ஆண்களுடையது என்ற எண்ணம் இந்த மண்டபத்திலிருந்தாவது போகட்டும்.

தைத்த உறையை மாட்டுமுன் வெயிலில் கால்மணி நேரம் போடுங்கள். இளகியிருக்கும்போது இழுத்து மாட்டினால், குளிர்ந்ததும் தானாக இறுகிப் பிடிக்கும். நிறத்தில் ஒரு சொல்: கறுப்பு வேண்டாம். நண்பகலில் வெளியே நிறுத்திய காடிக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். அரைக்கால் சட்டையோடு கறுப்பு வினிலில் உட்கார்ந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கதவு வேலை சுருக்கமானது. ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கம் வழிகிற மழைநீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும். முதலில் அந்தத் துளைகளை ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அட்டைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்ட வேண்டும். அந்தத் தாளின் கீழ்விளிம்பு கதவின் உள்ளே, வயிற்றுப் பக்கமாகச் சொருகியிருக்க வேண்டும். வெளியே தொங்கினால் வழியும் நீர் நேராக அட்டைக்கு வந்துவிடும். பழைய வண்டிகளில் கதவு அட்டையின் அடிப்பாகம் மட்டும் ஊதிப் பிளந்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தாள் இல்லாமல் போனதுதான். புதிய அட்டையை 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டி, எல்லா விளிம்புக்கும் கிளிப் துளைகளுக்கும் வார்னிஷ் பூசிவிட்டு வினில் ஒட்டுங்கள். பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, பிறகு அழுத்த வேண்டும். தொழிற்சாலையில் வினிலின்மேல் சூட்டால் பதித்த கோடுகளை வீட்டில் செய்ய முடியாது. அந்த இடத்தில் தையல் கோடு போடுங்கள், கண்ணுக்கு நன்றாகவே இருக்கும்.

கம்பிகளைப் பற்றி எச்சரிக்கை மட்டும். பிரிட்டிஷ் வண்டிகளில் நிறத்துக்கு ஒரு முறை உண்டு: பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை சாவி திருப்பினால் வருவது, பச்சை அதிலிருந்து ஃபியூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த். அந்த நிறங்களையே திரும்பப் போடுங்கள். உங்களுக்குப் பின் அந்த வண்டியைத் திறக்கிறவர் வாழ்த்துவார். மைனரில் பாட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். அது தெரியாமல் புதிய ரேடியோவைப் பொருத்தினால் சுவிட்சைத் திருப்பிய கணமே அது போய்விடும்.

பொருள்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். தீவில் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குக் காலையில் போங்கள். பொறுமை இருந்தால் பிடி, குமிழ், விளக்குக் கண்ணாடி எதுவும் அகப்படும். சென்னைக்குப் போகிறவர்கள் புதுப்பேட்டையில் ஒரு சுற்றுச் சுற்றலாம். மைனருக்கு இன்னொரு வழியும் இருந்தது, அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கும். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ல்ஸ் வேர் என்பவர், ஒரு காரைத் தலைமுறைக்கும் வைத்துப் பராமரிப்பதே சிக்கனம் என்று வாதிட்டு 1982-இல் புத்தகமே எழுதினார். பிறகு 1990-களில் மைனருக்கான தகரப் பாகங்களை இலங்கையில் செய்ய ஏற்பாடு செய்தார். பிறந்த நாட்டில் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு இலங்கைக் கைவினைஞர்கள் உறுப்புகள் அடித்துக் கொடுத்தார்கள்.

அதே காலத்தில் அதே தீவின் வடக்கே நடந்தது இன்னும் பெரிது. உள்நாட்டுப் போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் போகத் தடை இருந்த ஆண்டுகள் அவை. அங்குள்ள ஆஸ்டின்களும் மோரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை மண்டும், ஆனால் வண்டி ஓடும். நோயாளியும் கர்ப்பிணியும் அந்த வண்டிகளில் மருத்துவமனைக்குப் போனார்கள். கடையில் பாகம் கிடைக்காது என்று அங்கே யாரும் கைகட்டி நிற்கவில்லை. பட்டறை வேலை பழகும் தம்பிகளே, உங்கள் தொழிலில் தமிழர் காட்டிய திறமைக்கு எடுத்துக்காட்டு தேடினால் அந்த யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளிடமிருந்து தொடங்குங்கள்.

எதை மாற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் என்னோடு சண்டை போடுகிற நண்பர்கள் இருக்கிறார்கள், போடட்டும். எங்கள் பிக்கப்பில் டேஷ்போர்டுப் பெட்டியின் உள்பக்கத் தகரத்தில் யாரோ பென்சிலால் மூட்டைக் கணக்கு எழுதியிருந்தார்கள். தமிழ் எண்கள் இல்லை, சாதாரண எண்கள்தான். ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு, குறுக்கே அடித்திருந்தது. அதன்மேல் பெயிண்ட் அடிக்க நான் விடவில்லை. துணியால் துடைத்து, மேலே நிறமில்லா வார்னிஷ் பூசியதோடு சரி. கிளட்ச் மிதியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்த ரப்பரை மாற்றினாலும், பழையதை எடுத்து வைத்திருக்கிறேன். வழுக்கும் மிதியோடு ஓட்ட முடியாது. பாதுகாப்புக்கு வேண்டியதை மாற்ற வேண்டும். உழைத்தவரின் தடத்தை, இடைஞ்சல் இல்லாத இடத்தில், விட்டுவைக்க வேண்டும். கண்காட்சிக் கார்கள்போல் எல்லாவற்றையும் பளபளப்பாக்கினால் அந்த வண்டி எங்கே வேலை செய்தது, யாருக்குச் சோறு போட்டது என்பதே தெரியாமல் போய்விடும்.

வண்டியைச் சரக்கு ஏற்றும் உரிமத்தில் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். இருக்கை தரையோடு உறுதியாகப் பொருந்தியிருக்க வேண்டும், வார் இருந்தால் பூட்டும் வேலை செய்ய வேண்டும். வேலை முடிந்த பிறகு வார் வைக்க நினைத்தால் மெத்தையையும் விரிப்பையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே வெல்டர் வீட்டுக்கு வந்திருக்கும் நாளிலேயே வார் பிடிக்கும் இரும்பையும் அவரையே வைக்கச் சொல்லுங்கள்.

மேடைக்குப் பக்கத்து மேசையில் எங்கள் பிக்கப்பின் இருக்கைக்கும் கதவுக்கும் வெட்டிய பழுப்புத் தாள் வடிவங்கள் எல்லாம் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் மேலே வேறு தாளை வைத்து வரைந்து எடுத்துக்கொள்ளலாம். தையல் ஓரம் அதில் சேர்த்தே இருக்கிறது, மறுபடி கூட்டாதீர்கள். ஓட்டுநர் பக்கத்து மெத்தையின் தாளில் பின்விளிம்பு உள்ளே வளைந்திருக்கும். அது உயரமான என் நண்பருக்காகச் சீவியது. புள்ளிக் கோடாகப் போட்டிருப்பது தொழிற்சாலை அளவு. உங்கள் உயரத்துக்கு எது சரியோ அதை வெட்டுங்கள். ஊசி, நூல் எண்கள் தாளின் ஓரத்தில் எழுதியிருக்கின்றன. தையல் பற்றிய கேள்விகளை என் மனைவியிடம் கேளுங்கள், முன்வரிசையில்தான் இருக்கிறார்.